படபடப்பு நின்றபின் எடுத்த ஈ.சி.ஜி.

மருத்துவர் முன்னால் மறையும் நோய்

படபடப்பு என்று வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது பெரும்பாலும் அது அடங்கியிருக்கும். இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் பாதித் தொல்லை இதுதான். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு ‘படக்கு படக்கு’ என்று அடிக்கிறது, கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேப்பமர நிழலில் போய் உட்காருவார். “மதினி, வெறும் வயித்தோட வந்திருப்பீக, வாய்வு ஏறியிருக்கும்” என்று கூட வேலை பார்ப்பவர் சொல்வார். மறுநாள் மருமகள் வற்புறுத்தி மினி பஸ் ஏற்றி, கோவில்பட்டிக்குக் கூட்டிவந்து, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, ஈ.சி.ஜி. மேசையில் படுக்கும்போது துடிப்பு நிமிடத்துக்கு 78. கோட்டில் குறை ஒன்றும் இல்லை. வாயுவுக்கு ஒரு மாத்திரையோடு வீடு திரும்புவார்.

யார் மேலும் தப்பில்லை. வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. கோளாறு மிச்ச நேரத்தில் வந்து போய்விட்டால் காகிதம் என்ன செய்யும்? 24 மணி நேரம் உடம்பிலேயே கட்டிவிடும் ஹோல்டர் கருவி உண்டு. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்த ஒரு நாளில் படபடப்பு வர வேண்டும். அந்த 10 விநாடியையே இன்னும் ஆழமாகப் படிக்க முடியாதா என்ற கேள்வியோடுதான் செயற்கை நுண்ணறிவு இதய மருத்துவத்துக்குள் நுழைந்திருக்கிறது.

எது கோளாறு, எது ஆபத்து

இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுத் திட்டு, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை அனுப்புகிறது. அந்த மின்சாரம் கீழறைகளுக்கு இறங்கும் வழி அடைபட்டால் துடிப்பு 30, 40 என்று குறைந்து வயதானவர்கள் நின்ற இடத்திலேயே மயங்கி விழுவார்கள். அதற்குத் தீர்வு பேஸ்மேக்கர். பிறவியிலேயே ஒரு குறுக்கு வழி இருந்தால் இளம் வயதிலேயே திடீரென்று 180, 200 என்று ஓடி, வந்த மாதிரியே திடீரென்று நிற்கும்; பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது. மாரடைப்பு வந்து தழும்பான இதயத்தில் கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு உயிரைப் பறிக்கக்கூடியது.

இவற்றுக்கெல்லாம் நடுவில், அதிகம் பேரிடம் இருப்பதும் அதிகம் தவறவிடப்படுவதும் மேலறை நடுக்கம். மருத்துவர்கள் ஏ.எஃப். என்பார்கள். மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் வெறுமனே நடுங்கும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் இந்தக் கரிசல் பக்கத்து மழை மாதிரிதான்: அடுத்தது எப்போது வரும், எவ்வளவு பலமாக வரும் என்று கணிக்கவே முடியாது. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவருக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைப் போல சுமார் 5 மடங்கு. படபடப்பே தெரியாமல் பல வருஷம் ஏ.எஃப்.போடு நடமாடிவிட்டு, ஒரு நாள் காலையில் கை விளங்காமல் எழுந்த பிறகுதான் விஷயம் தெரியவருகிறவர்கள் உண்டு.

வயது, கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு, குடி ஆகியவை உலகெங்கும் ஏ.எஃப்.க்கு உரிய காரணங்கள். வெயிலில் நாள் முழுக்க வேர்த்து, தண்ணீர் குடிக்காமல், பேதி மாத்திரையோ நீர் போகும் மாத்திரையோ எடுத்து ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். நம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சின்ன வயதில் வந்த தொண்டைப் புண், கவனிக்காமல் விட்டதால் ருமாட்டிக் காய்ச்சலாகி, மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். முதல் பிரசவத்தில் மூச்சு வாங்கும்போதுதான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது. 35 வயதில், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டே ஏ.எஃப். வருவது இந்த வழியில்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

நார்மல் ஈ.சி.ஜி.க்குள் ஒளிந்திருப்பது

ஈ.சி.ஜி. காகிதத்தின் உச்சியில் இயந்திரமே ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘அப்நார்மல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு அங்கேயே படபடப்பு வந்துவிடும். அது இன்று பேசப்படும் செயற்கை நுண்ணறிவு அல்ல. இந்த அலை இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் போனால் இப்படி எழுது என்று மனிதர்கள் கொடுத்த விதிப்பட்டியலின்படி நடக்கும் பழைய நிரல். அதன் பேச்சை மருத்துவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புதியவற்றுக்கு யாரும் விதி சொல்லிக்கொடுப்பதில்லை. லட்சக்கணக்கான ஈ.சி.ஜி.க்களையும், அந்த நோயாளிகளுக்குப் பின்னால் என்ன ஆனது என்பதையும் கொடுத்துவிட்டால், அதுவாகவே அடையாளங்களைப் பிடித்துக்கொள்கிறது. 2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 53,549 பேரின் 91,232 பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த நிரல், 12 வகைத் தாளங்களைப் பிரித்தறிவதில் இதய மருத்துவர்களுக்கு இணையாக, சராசரியில் சற்று மேலாகவே நின்றது. அது சாதனைதான். ஆனால் கோளாறு கண்ணுக்குத் தெரியும் கோட்டில் கோளாறைக் கண்டுபிடித்தது அது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வுதான் நம் மிளகாய்க்காட்டுப் பெண்ணுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சுமார் 1,81,000 நோயாளிகளின் ஏறத்தாழ 6,50,000 ஈ.சி.ஜி.க்கள் அதில் எடுத்துக்கொள்ளப்பட்டன. எல்லாமே துடிப்பு ஒழுங்காக இருந்தபோது எடுத்தவை, கண்ணால் பார்த்தால் குறை சொல்ல முடியாதவை. இவர்களில் யாருக்கு ஏ.எஃப். வந்து போகிறது என்பதை அந்த 10 விநாடியை மட்டும் வைத்துச் சுமார் 79 சதவீதம் சரியாகச் சொன்னது நிரல். மேலறையின் தசை தழும்பாகி விரிவடையும்போது அலையின் வடிவில் ஏற்படும், மனிதக் கண்ணுக்கு எட்டாத மாறுதல்களை அது பிடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

79 சதவீதம் என்றதும் கைதட்டத் தோன்றும். தட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு பெரிய கிராமத்தில் 50 வயது தாண்டிய 1,000 பேர், அவர்களில் 16 பேருக்கு ஏ.எஃப். என்று கொள்வோம். இந்த அளவு துல்லியத்தில் நிரல் 16 பேரில் 12, 13 பேரைப் பிடித்துவிடும். ஆனால் ஏ.எஃப். இல்லாத மீதி 984 பேரில் சுமார் 200 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். அத்தனை பேருக்கும் ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசிந்து, வராத நோய்க்கு வைத்தியம் பார்த்து வந்த நோயாக அது முடியும்.

ஆகவே இதை நோய்ச் சான்றிதழாகக் கொள்ளாமல், யாரை இன்னும் கொஞ்ச நாள் உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் சல்லடையாகவே பயன்படுத்த வேண்டும். 2022-இல் அதே மேயோ குழு அதைச் செய்தும் பார்த்தது. பக்கவாத அபாயம் உள்ள, ஆனால் ஏ.எஃப். கண்டறியப்படாத சுமார் 1,000 பேரை 30 நாள் வரை தொடர்ந்து கண்காணித்தார்கள். நிரல் ‘அபாயம் அதிகம்’ என்று சொன்னவர்களில் 7.6 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். வெளிப்பட்டது, ‘குறைவு’ என்றவர்களில் 1.6 சதவீதத்தினருக்கு மட்டுமே.

அது படித்தது யாருடைய இதயத்தை?

மேயோ கிளினிக் இருக்கும் மினசோட்டாவில் படித்த நிரலுக்கு எட்டயபுரத்து இதயம் தெரியுமா? அங்கே ஏ.எஃப். என்றால் பெரும்பாலும் 70 வயது, கொதிப்பு, உடல் பருமன். ருமாட்டிக் வால்வு நோய் அங்கே ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. 35 வயதுப் பெண்ணின் சுருங்கிய மைட்ரல் வால்வை அது எத்தனை முறை பார்த்திருக்கும்? இந்த ஊர் ஈ.சி.ஜி.க்களை வைத்துச் சோதிக்காமல், வெளிநாட்டு மதிப்பெண்ணை அப்படியே இங்கே ஒட்டக்கூடாது என்பது என் கருத்து.

சோதிக்க ஈ.சி.ஜி. வேண்டுமே. அது எங்கே இருக்கிறது? மஞ்சப்பைக்குள், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் நடுவில், நாலாக மடித்து. வெப்பத்தில் எழுத்து விழும் காகிதம் அது; மை கிடையாது. ஓட்டு வீட்டுச் சூட்டில், பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்தால் சில வருஷத்தில் கோடு மங்கி மறைந்துவிடும், அல்லது தாள் முழுக்கக் கறுத்துவிடும். புதிய ஈ.சி.ஜி.யில் ஒரு மாறுதல் தெரியும்போது மருத்துவர் முதலில் கேட்பது “பழசு இருக்கா?” என்பதுதான். எடுத்துக் கொடுத்தால் வெறும் கட்டம் போட்ட தாள் இருக்கும். ஒரு ஊரின் 20 வருஷ இதய வரலாறு இப்படி ஆவியாகிறது. இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க நம்மிடம் பாடப்புத்தகம் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, கம்பி வைக்கும் விதம். கை மாறி வைத்தால் கோடே தலைகீழாகிவிடும். நெஞ்சில் வைக்க வேண்டிய 6 உறிஞ்சு குமிழ்களை, பெண்கள் கூச்சப்படுகிறார்கள் என்பதற்காகச் சேலைக்கு மேல்பக்கமாக உத்தேசமாக ஒட்டிவிடுவதும் நடக்கிறது. பெண் பணியாளரும் ஒரு திரைச்சீலையும் இருந்தால் தீர்கிற விஷயம். இதைச் சரி செய்யாமல் எத்தனை கோடி ரூபாய் நிரலைப் பொருத்தினாலும், தப்பான கோட்டைத்தான் அது வெகு துல்லியமாகப் படித்துக்கொடுக்கும்.

நம் நாட்டில் நடந்தவை

தொலைவில் எடுத்த ஈ.சி.ஜி.யை நகரத்து நிபுணர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லாசாரி ஆகியோர் 2012 முதல் 2014 வரை நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வில், சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அது மாரடைப்புக்கானது, கோட்டைப் படித்தவர்களும் மனிதர்கள்தான். ஆனாலும் சிற்றூரில் எடுத்த கோடு உடனே சரியான கண்ணுக்குப் போனால் உயிர் மிஞ்சுகிறது என்பதை நம் மாநிலத்திலேயே நிரூபித்தது அது.

அடுத்த படியைப் பெங்களூரின் ட்ரைகாக் நிறுவனம் எடுத்து வைத்தது. இதய மருத்துவர் சரித் போக்ராஜ் தொடங்கியது. சிறு மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி. இணையம் வழியே போகும். நிரல் முதலில் படித்து அவசரமானதை வரிசையின் முன்னால் தள்ளும். பணியில் இருக்கும் மருத்துவர் சரிபார்த்து, சில நிமிடங்களில் முடிவு செல்போனுக்கு வந்துவிடும். கோவா அரசின் மாரடைப்புத் திட்டத்தில் இந்த ஏற்பாடு பயன்பட்டது. நிரல் படித்தாலும் கையெழுத்துப் போடுவது மனிதர் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

கரிசல் காட்டுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் இருக்கிறது. செல்போனோடு சேர்த்து, இரு கை விரல்களை வைத்தால் ஒற்றைக் கோட்டு ஈ.சி.ஜி. எடுக்கும் சிறு கருவியைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களிடம் கொடுத்து, 50 வயது தாண்டிய 2,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். சுமார் 1.6 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். இருந்தது. மேலே நான் போட்ட கணக்கின் 16 அங்கிருந்து வந்ததுதான். சட்டையைக் கழற்ற வேண்டாம், படுக்க வேண்டாம், கூச்சம் இல்லை.

இங்கே அதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் நடக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், கொதிப்பு, சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர்களைச் சொல்கிறேன். ஏ.எஃப். வர வாய்ப்புள்ளவர்களின் பட்டியலே அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகளும் இருக்கின்றன. அந்தத் தன்னார்வலரின் பையில் ஒரு விரல் கருவி சேர்ந்தால் போதும். செயற்கை நுண்ணறிவுக்குச் செலவழிக்க ஒரு ரூபாய் இருந்தால் அதை முதலில் இங்கேதான் போடுவேன்.

படித்த பிறகு என்ன?

ஏ.எஃப். என்று தெரிந்துவிட்டது. இனிமேல்தான் வைத்தியம். துடிப்பின் வேகத்தை அடக்க ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. இரண்டாவதுதான் பக்கவாதத்தைத் தடுக்கிறது. புதிய வகை மாத்திரைகளுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஆனால் சுருங்கிய மைட்ரல் வால்வு உள்ளவருக்கு அவை சரிப்படாது. இந்தியா உட்பட 24 நாடுகளில் சுமார் 4,500 ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ரிவராக்ஸபான் என்ற புதிய மாத்திரையை விடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆக அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கு அசிட்ரோமோ வார்ஃபரினோதான். அதற்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை கட்டாயம், அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாதாமாதம் ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்பதுதான் இந்த மாத்திரையின் உண்மையான விலை. இதற்கு எந்த நிரலிடமும் பதில் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் குத்திப் பார்க்கும் ஐ.என்.ஆர். கருவி இருந்தால் பதில் உண்டு.

இந்த மாத்திரை எடுப்பவர்கள் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் தின்று அடுத்த வாரம் தொடாமல் இருந்தால்தான் அளவு ஏறி இறங்கும். உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைதான் பெரிய வில்லன். ரத்தக் கசிவைக் கூட்டும்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுடும் அப்ளேஷன் சிகிச்சை உண்டு. மதுரை, கோவை, வேலூர், சென்னை போன்ற ஊர்களில் செய்கிறார்கள். நீண்ட நாளாக நிற்காமல் தொடரும் ஏ.எஃப்.பில் எந்த இடத்தைச் சுடுவது என்பதே சிக்கல். பிரான்ஸின் மார்செய் நகரத்து வோல்ட்டா நிறுவனத்தின் நிரல், இதயத்தின் உள்சுவரிலிருந்து வரும் மின்னலைகளைச் சிகிச்சை நடக்கும்போதே படித்து இடத்தைக் காட்டுகிறது. 374 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து ஏ.எஃப். இல்லாமல் இருந்தவர்கள் நிரலின் துணையோடு செய்த பிரிவில் 88 சதவீதம், வழக்கமான முறையில் 70 சதவீதம். எல்லா வகை வேகத் துடிப்பையும் சேர்த்து, ஒரே ஒரு சிகிச்சைக்குப் பின் என்று கணக்கிட்டால் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். விளம்பரங்கள் முதல் வரியோடு நின்றுவிடும்.

பிள்ளை வாங்கி அனுப்பிய கடிகாரம்

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் அனுப்புவது இப்போது சகஜம். மணிக்கட்டில் பச்சை ஒளி பாய்ச்சித் துடிப்பின் இடைவெளியை அளப்பது அதன் வேலை. 4,19,297 பேர் கலந்துகொண்ட ஆப்பிள் ஆய்வில் ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம்தான், எச்சரிக்கைக்குப் பிறகு பட்டை ஒட்டி ஒரு வாரம் வரை கண்காணிக்கப்பட்டவர்களில் 34 சதவீதத்தினருக்கு ஏ.எஃப். பதிவானது. வேர்வை, தளர்ந்த பட்டை, கை ஓயாத வேலை எல்லாம் அளவீட்டைக் கெடுக்கும். எச்சரிக்கை வந்தால் ஈ.சி.ஜி. எடுங்கள். வராவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் இருக்கும் சில மின்னணு பி.பி. கருவிகளும் துடிப்பு ஒழுங்கில்லை என்றால் ஓர் இதயக் குறியைக் காட்டும். அது மறுபடி மறுபடி தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

கருவி எதுவும் இல்லாவிட்டாலும் விரல் இருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையை விட இடைவெளிதான் முக்கியம். கொதிப்போ சர்க்கரையோ உள்ள 60 வயதுக்காரர் வீட்டில் இருந்தால் மாதம் ஒரு தடவை பார்ப்பது நல்லது. படபடப்பு வரும் அந்த நேரத்திலேயே எண்ணி, எப்போது தொடங்கியது, எப்படி நின்றது, திடீரென்றா மெல்லவா என்று எழுதிவைத்தால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி. அதே நேரத்தில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈ.சி.ஜி. எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எடுத்த ஈ.சி.ஜி.யை அன்றைக்கே செல்போனில் படம் பிடியுங்கள். தட்டையாக வைத்து, நிழல் விழாமல், பெயரும் தேதியும் தெரியும்படி. தாளைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் நோட்டுக்குள் வையுங்கள், ஒரு ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு தொண்டைப் புண் வந்தால் கைவைத்தியத்தோடு நிற்க வேண்டாம். ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 3 வாரத்துக்கு ஒரு முறை போடும் பென்சிலின் ஊசியைத் தவறவிடக்கூடாது.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தாலும், வாய் கோணினாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலும் 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகு. கிராமத்திலிருந்து கோவில்பட்டி, அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று இரண்டு ஊர் மாறினால் நேரம் கரைந்துவிடும். ஸ்கேன் உள்ள எந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது என்று வண்டியில் ஏறும்போதே கேளுங்கள். நோயாளி அசிட்ரோம் மாதிரி மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்த அட்டையையும் கடைசி ஐ.என்.ஆர். சீட்டையும் கையோடு கொண்டுபோய், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதைச் சொல்லுங்கள். ஊசி போடலாமா கூடாதா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.